காசித்தும்பை நட்ட இரும்புப்படி

கிலோவும் லிட்டரும் வந்து, வீசையையும் படியையும் கடைகளிலிருந்து விரட்டிய வருடம் அது. திண்டுக்கல் நாகல் நகரில் தானியக் கடை நடத்திவந்த நல்லுசாமி அவர்கள் அந்த மாற்றத்தை இன்முகத்தோடு வரவேற்றார் என்று சொன்னால், அது உண்மைக்குச் சற்றுத் தூரமாகிவிடும். எனினும் சட்டத்துக்கு யார் என்ன செய்ய முடியும்? செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து பார்க்கும்போது பழைய அளவை ஒன்றுகூடக் கடையில் இருக்கக் கூடாது என்று கடையாள் கண்ணுசாமியிடம் சொல்லிவிட்டு, அவர் ஒரு கல்யாணத்துக்காகச் சித்தையன்கோட்டைக்குப் போனார். திரும்பி வந்தபோது கடை நாக்கால் நக்கியதுபோல் சுத்தமாக இருந்தது.

"எல்லாத்தையும் எங்கடா போட்ட?"

"நம்ம சிலுவைமுத்து பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன் மொதலாளி. படி, அரைப்படி, உழக்கு, வீசைக்கல்லு... ஒண்ணு விடல."

"ஒண்ணு விடலையா?"

"ஒண்ணு விடல. உங்க பலகைக்கு அடியில சாக்குல சுத்தி ஒரு படி கெடந்துச்சு. நீங்க மறந்துட்டீங்க போல. அதையும் சேத்துப் போட்டுட்டேன்."

கண்ணுசாமி பாராட்டை எதிர்பார்த்து நின்றான். நல்லுசாமி, அடியில் காலியாகிவிட்ட அந்தப் பலகையின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

அந்தப் படியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது அவருக்கு மாமனார் கொடுத்த சீர்வரிசையில் வந்தது. கட்டில் ஆட்டம் கண்டுவிட்டது, பித்தளைக் குத்துவிளக்கு சாய்ந்துவிட்டது. இருபது வருடமாகப் பழுதில்லாமல் உழைத்தது அந்தப் படி ஒன்றுதான். பார்வைக்கு மற்றப் படிகளைப் போன்றதே. கனத்த இரும்பு, விளிம்பில் பித்தளை வளையம், வயிற்றில் "நல்லுசாமி தானியக் கடை, நாகல் நகர்" என்று உளியால் வெட்டிய எழுத்து. உள்ளே கையை விட்டுப் பார்ப்பவர்களுக்கு மட்டும், அடித்தட்டு இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலேயே விரல் முட்டி நிற்கும். கீழே ஒரு தகடு, மேலே ஒரு தகடு, நடுவே வெறுங்காற்று. இதை மோசடி என்று சொல்வது மரியாதையன்று. தானியத்தோடு சிறிதளவு காற்றையும் சேர்த்து விற்றுவந்தார் என்று சொன்னால் போதும்.

வேறு வருடமாக இருந்தால் அவர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். ஆனால் அந்த ஆண்டு ஆடி மாதம், தெருக் காளியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது 'படி மரியாதை' அவருக்கு என்று முடிவாகியிருந்தது. அம்மன் முன்னால் நின்று, கூழுக்கான கம்பைத் தன் கையால் படி போட்டு அளந்து கொடுக்கும் பெருமை அது. "கை சுத்தமான ஆளுக்குத்தான் ஆத்தா குடுப்பா" என்பது தெருவின் நம்பிக்கை. நீண்ட காலம் அந்த மரியாதையை அனுபவித்த அரிசி ஆலைக்காரர் பொம்மையன், தன் மகள் வீட்டோடு மதுரைக்குப் போய்விட்டதால், பதினெட்டு வருடக் காத்திருப்புக்குப் பின் இந்தப் பெருமை நல்லுசாமியின் வாசலுக்கு வந்திருந்தது. இந்தச் சமயத்தில் பெயர் வெட்டிய அந்தப் படி எவர் கையிலாவது சிக்கி, அவர் உள்ளே விரல் விட்டுப் பார்த்துவிட்டால்?

அன்று வெயில் தாழுமுன்பே நல்லுசாமி இரும்புக் கடையில் நின்றார்.

"படிங்களா? அம்புட்டையும் ஜெயமேரி டீச்சர் வாங்கிட்டுப் போயிட்டாங்களே!" என்றார் சிலுவைமுத்து. "எட்டுப் படி. செடி வைக்கப் போறாங்களாம்."

"படியிலயா செடி வைப்பாக?"

"படியில மட்டுமா? போன மாசம் ஓட்டைக் கெட்டில் ஒண்ணு வாங்கினாங்க. அதுக்கு முந்தி தோல் பதனிடுற ஷாப்புல தூக்கிப் போட்ட மரத்தொட்டி. கெணத்துல மாடு பூட்டித் தண்ணி இறைக்கிற கவலைச் சால் ஒண்ணு கெடந்துச்சு பாருங்க, பம்புசெட்டு வந்தப்பறம் அகரத்துக்காரர் கொண்டாந்து போட்டது, அதையும் விடல. 'அண்ணே, துருவைச் சுரண்டிராதீங்க, துருதான் அழகு'ங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா நல்ல மனுஷி."

ஜெயமேரி, பெண்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. அவருடைய கணவருக்கு ரயில்வேயில் வேலை. வாரத்தில் பாதி நாள் வண்டியிலேயே கழிந்துவிடும். குடியிருந்த வீட்டின் முற்றம் முழுவதும் கல் பாவியிருந்தது. ஒரு கல்லைப் பெயர்த்தாலும் வீட்டின் சொந்தக்காரர் முகத்தைத் தூக்கிக்கொள்வார். மண் இல்லாத முற்றத்தில் தோட்டம் போட ஆசைப்பட்டவர், தெருவில் யார் எதைக் கழித்தாலும் அதில் மண்ணை நிரப்பிவிடப் பழகியிருந்தார். கவலைச் சால் ஒருக்களித்துப் படுத்திருக்க, அதன் வாயிலிருந்து பத்துமணிப் பூக்கள் வழிந்தன. பூட்டில்லாத தகரப் பெட்டியில் புதினாவும், விரிசல் விட்ட உரலில் கற்றாழையும் வளர்ந்தன. தெருவில் அதற்கு 'ஓட்டை உடைசல் தோட்டம்' என்று பெயர். டீச்சர் காதில் அது விழுந்தபோது, "பொருத்தமான பெயர்தான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டாராம்.

நல்லுசாமி போய்ப் பார்த்தபோது எட்டுப் படிகளும் தெருவோரக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு காசித்தும்பை நாற்று. ஏழு படிகள் எப்படி வேண்டுமானாலும் திரும்பியிருக்க, எட்டாவது மட்டும் எழுத்து வெளியே தெரியும்படி தெருவைப் பார்த்து நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவருடைய பெயரைப் படித்துக்கொண்டு போகலாம்.

"வாங்க ஐயா, வாங்க!" என்று டீச்சர் கைகூப்பினார். "உங்க கடைப் படிதான். பேரு மறையக் கூடாதுன்னு முன்பக்கமா வச்சேன். மரியாதைக் குறைவா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சேச்சே! என்ன டீச்சரம்மா... ரொம்பப் பெருமை. பாத்ததும் மனசு நெறைஞ்சு போச்சு. வெலைக்குக் குடுத்தா நானே ஒண்ணு வாங்கிட்டுப் போயிருவேன்."

"ஐயாவுக்குத் தோட்டத்துல இவ்வளவு ஆசையா!" டீச்சரின் முகம் விளக்குப்போல் மலர்ந்தது. "விலை எதுக்குங்க? இப்பத்தான் நட்ட நாத்து, இடம் மாத்தினா துவண்டுரும். நீங்க இதை எடுத்துட்டுப் போங்க."

நல்லுசாமி மறுக்குமுன், மூக்கு உடைந்த அலுமினியக் கெட்டில் ஒன்று அவர் கையில் வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து ஒரு கோழிக்கொண்டைச் செடி அவருடைய நெஞ்சுப் பக்கம் சாய்ந்து பார்த்தது. கடைவீதி வழியாக அதைச் சுமந்துகொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தார்.

"என்னங்க இது? யார் வீட்டுல டீ குடிச்சிட்டுக் கெட்டிலோட வாரீங்க?" என்றாள் மனைவி ஜக்கம்மாள்.

"செடிடீ."

"அது தெரியுது. ஒங்களுக்கு என்ன ஆச்சுன்னுதான் தெரியல."

பத்து நாள் பொறுத்து அவர் மறுபடியும் போனார். இம்முறை கண்ணைச் சற்றுக் கசக்கிக்கொண்டு, அந்தப் படி மாமனார் கொடுத்த சீர் என்றும், அதைப் பிரிந்திருக்க மனம் ஒப்பவில்லை என்றும் சொன்னார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதால் குரல் தானாகவே தழுதழுத்தது.

"அடடா, முன்னாலேயே சொல்லக் கூடாதுங்களா?" டீச்சர் பதறிப்போய் மண் கிளறும் கரண்டியைக் கையில் எடுத்தார். "ஒரு நிமிஷம் இருங்க. செடியைப் பிடுங்கிட்டு, உள்ள நல்லாத் தேய்ச்சுக் கழுவிக் குடுத்துடறேன்."

"வேண்டாம், வேண்டாம்!" நல்லுசாமி பாய்ந்து படியைக் கட்டிக்கொண்டார். "உசுருள்ள செடிம்மா! பாவம் இல்லையா? செடியோடவே குடுத்துருங்க."

"குடுக்கலாம்தான்." டீச்சர் தயங்கினார். "ஆனா எங்க அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க தினம் வந்து இதைப் பாத்துக் குறிப்பு எழுதறாங்க ஐயா. எட்டுலயும் ஒரே மண், ஒரே ஆட்டுப்புழுக்கை, ஒரே செம்புத் தண்ணி. உச்சி வெயில்ல ஏழு செடி தலையைத் தொங்கப் போட்டுருது. உங்க படியில இருக்கிறது மட்டும் அசையாம நிக்குது. எல்லாப் படியிலயும் உள்ள ஆணியை விட்டு அடியில ஓட்டை போட்டேன். மத்ததுல தண்ணி கீழ ஒழுகுது. உங்களதுல ஒரு சொட்டு ஒழுகணுமே? உள்ள போற தண்ணி எங்க போய்த் தங்குதுன்னு பிள்ளைங்க மண்டையை உடைச்சுக்கறாங்க."

 நல்லுசாமி டீச்சரின் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தில் மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது.

"இரும்பு... நல்ல இரும்பு டீச்சரம்மா," என்றார் கடைசியில்.

"இருக்கலாங்க. ஆடி வரைக்கும் அவகாசம் குடுங்க. காரணத்தைக் கண்டுபிடிச்சிருவாங்க."

அன்று அவர் புதினாப் பதியனும், அதை நட ஓர் ஓட்டை இரும்புச் சட்டியும் சுமந்து திரும்பினார்.

அதற்குள் செய்தி தெருவெங்கும் பரவியிருந்தது. தானியக் கடை முதலாளிக்கு ஓட்டை உடைசல் மேல் மோகம் பிறந்துவிட்டது என்று கேள்விப்பட்டவர்கள், பெரிய மனிதரின் மனம் குளிரட்டும் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து தந்தார்கள். அடியில்லாத வாளி, காதில்லாத அண்டா, சக்கரம் ஒன்று போன குழந்தை வண்டி, கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கு. ஒருவர் வில் முறிந்த குடையைக்கூடத் தலைகீழாகத் தொங்கவிட்டால் நன்றாக இருக்கும் என்று யோசனை சொன்னார். தாட்சண்யத்துக்காக வாங்கிக்கொண்ட நல்லுசாமி, வாங்கியதற்காக மண் நிரப்பினார். மண் நிரப்பியதற்காக நட்டார். அடியில் ஓட்டுச் சில்லும், அதன்மேல் ஆற்றுமணலும் போட்டால் வேர் அழுகாது என்பதை அவர் யாரும் சொல்லாமலே கண்டுகொண்டார். ஆனி மாதம் பிறந்தபோது, "ஏலே கண்ணுசாமி, தண்ணியை ஊத்தாத, தெளி! அது செடியா, மாடா?" என்று கடையிலிருந்தே குரல் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். குழந்தை வண்டியில் பூத்த செவ்வந்தியை ஜக்கம்மாள் பறித்துத் தலையில் வைத்த அன்று, அவர் அரை நாள் அவளோடு பேசவில்லை.

ஆனாலும் அந்த எட்டாவது படி அவர் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. யோசித்து யோசித்து அவர் ஒரு வழி கண்டார். பழனிச் சாலைக் கொல்லர் ஒருவரிடம் அதே உயரம், அதே பித்தளை வளையம், அதே எழுத்துகளுடன் ஒரு படி செய்வித்தார். அதற்கு இருந்தது நியாயமான, ஒற்றை அடித்தட்டு. அதில் காசித்தும்பை நட்டு, பூ வரும்வரை கொல்லைப்புறத்தில் வைத்து வளர்த்தார். டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு முற்பகலில் அதைத் துண்டால் மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். இதை வைத்துவிட்டு அதை எடுத்துவர ஒரு நிமிடம்கூட ஆகாது.

டீச்சர் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மூக்காயி மோர்ப்பானையோடு உட்கார்ந்திருந்தாள். கோயில் கூழுக்குத் தலைமையாக நின்று அடுப்பு மூட்டுபவள் அவள்தான். அவளுடைய கண்ணுக்குத் தப்பி அந்தத் தெருவில் ஓணான்கூட மதில் தாண்டியதில்லை.

"என்ன மொதலாளி, இந்நேரத்துல?"

"சும்மா, செத்த நேரம் காலாற நடக்கலாம்னு."

"நடங்க, நடங்க. ஆனா துண்டுக்குள்ள என்ன அப்பு, பூப் பூத்திருக்கு?"

நல்லுசாமி குனிந்து பார்த்தார். துண்டின் இடுக்கு வழியாக ஓர் இளஞ்சிவப்புப் பூ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுவா... இது டீச்சரம்மாவுக்கு. நம்ம அன்பளிப்பு."

"அதுக்கென்ன ஒளிச்சு வச்சுக் கொண்டு வாரீங்க? குடுக்கிற கையி இம்புட்டுக் கூச்சப்பட்டா எப்புடி! வைங்க, நான் பாத்துக்கிறேன். ஒருத்தன் தொட மாட்டான்."

மூக்காயி பார்த்துக்கொண்டிருக்க, அவர் புதிய படியைப் பழைய படியின் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். சுவரின்மேல் இப்போது ஒன்பது படிகள். அவற்றில் இரண்டு அவருடைய பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு ஒட்டி நின்றன. உச்சி வெயிலில் ஒரு நல்லுசாமியின் செடி தலை கவிழ்ந்தது. இன்னொரு நல்லுசாமியின் செடி நிமிர்ந்தே நின்றது. மறுநாள் டீச்சர் கடைக்கே வந்து மூன்று தரம் நன்றி சொல்லிவிட்டு, "பிள்ளைங்களுக்கு ஒப்பிட்டுப் பாக்க ரொம்ப வசதியாப் போச்சுங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி பிறந்தது. திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கையில் பூசாரி கருப்பணன் கடைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"மோசம் போச்சு மாமா. கோயில் மரப்படியை எடுத்துப் பாத்தா கறையான் தின்னுட்டுப் போயிருச்சு. கையில எடுத்ததும் பொலபொலன்னு உதிருது."

"அதுனால என்ன? லிட்டர் ஒண்ணு தாரேன். முத்திரை போட்டது."

"ஆத்தாளுக்கு லிட்டரா? சட்டம் கடைக்குத்தான் மாமா, கோயிலுக்கு இல்ல. ஊரு பூராத் தேடிட்டேன். அம்புட்டுப் படியும் இரும்புக் கடைக்குப் போயி, அங்கிருந்து டீச்சர் வீட்டுச் சுவத்துல ஏறிக்கிட்டு நிக்குது." கருப்பணன் முகம் திடீரென்று தெளிந்தது. "இதுல ஒரு விசேஷம் பாருங்க. அளக்கப்போறது நீங்க. உங்க பேரு வெட்டுன படியே அங்க இருக்கு. ஆத்தாளே பாத்து ஒதுக்கி வச்ச மாதிரி!"

நல்லுசாமிக்குச் சட்டென்று ஓர் ஒளி தெரிந்தது. "ஆமாமா. ரெண்டு இருக்கு. அதுல புதுசை எடுத்துக்க கருப்பணா. பளபளன்னு இருக்கும்."

"புதுப்படி ஆகாது மாமா. தானியம் அளந்து பழகின படிதான் ஆத்தாளுக்கு ஆகும். பழசையே கேட்டுட்டேன். டீச்சரம்மா உடனே ஒத்துக்கிட்டாங்க. செடியை வேற சட்டிக்கு மாத்திட்டு, கழுவி, கோடித்துணியில சுத்தித் தாரேன்னாங்க."

அந்த ஐந்து நாளும் நல்லுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதே அவரைத் தின்றது. கழுவியவர் பார்த்திருக்க மாட்டாரா? பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா? நான்காம் நாள் மாலை, ஒருவாறு தன்னைத் தேற்றிக்கொண்டார். தன் பெயர், தன் கை, தன் கம்பு. படி தன் கையிலேயே இருக்கப்போகிறது. சாமி முன்னால் நிற்கிறவர்கள் சாமியைப் பார்ப்பார்களா, படிக்குள் எட்டிப் பார்ப்பார்களா? இருபது வருடம் கடையில் காப்பாற்றிய படி கோயிலில் கால் நாழிகை காப்பாற்றாதா? இப்படித் தெளிந்து, வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் முன்னால் தெருவே கூடியிருந்தது. நல்லுசாமி கொடுத்த கம்பு மூட்டைகள் மூன்று வரிசையாக நின்றன. மூக்காயியும் மற்றப் பெண்களும் அகலமான ஓலைப் பெட்டிகளை விரித்து வைத்திருந்தார்கள். ஒரு மூட்டையே வழக்கத்துக்கு அதிகம். மற்ற இரண்டும் பெருமைக்காக நிறுத்தியவை. கருப்பணன் கோடித்துணியைப் பிரித்து, திருநீறு பூசிய படியை அவர் கையில் கொடுத்தார்.

நல்லுசாமி அம்மனைக் கும்பிட்டு, படியை மூட்டையில் அமிழ்த்தி எடுத்து, தலை தட்டப்போனார். தட்டுவதற்குள் கம்பு இரண்டு விரற்கடை இறங்கிப்போயிற்று. இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். அதுவும் இறங்கியது. இருபது வருடத்தில் அந்தப் படி இப்படிப் பசியோடு இருந்து அவர் பார்த்ததேயில்லை. குவித்துத் தட்டி, ஓலைப் பெட்டியில் கவிழ்த்தார்.

கம்பு கொட்டியது. காலிப்படியை நிமிர்த்தினார்.

கலகல, கலகலவென்றது படி.

டீச்சர் போட்ட ஆணி ஓட்டைகள் மேல்தட்டில் மட்டும் விழுந்திருந்தன என்பதும், அவற்றின் வழியே கம்பு உள்ளே புகுந்து இரண்டு தட்டுகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையை அசைக்காமல் நிற்க முயன்றார். கை நடுங்கியது. நடுங்கிய கைக்கு ஏற்றபடி படி இன்னும் நன்றாகக் கலகலத்தது. 

மூக்காயி எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து படியை வாங்கி, தன் காதருகே வைத்து ஆட்டினாள். பிறகு ஒரு விரலை உள்ளே விட்டுத் தடவினாள். அப்புறம் நல்லுசாமியை நேராகப் பார்த்தாள். பதினெட்டு வருடக் காத்திருப்பும், கஞ்சி போட்ட வேட்டியும், கடையின் பெயரும் அந்தப் பார்வையின் நுனியில் தொங்கின.

"அடியே!" என்று மூக்காயி கூவினாள். "ஆத்தா சலங்கை கட்டி வந்திருக்காடி!"

பெண்கள் குலவையிட்டார்கள். கருப்பணன் உடுக்கையை எடுத்து அடித்தார். நல்லுசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணில் நீர் தளும்ப, அம்மனை நோக்கிக் கைகூப்பினார்.

"கும்புடுறது கெடக்கட்டும் அப்பு," என்று மூக்காயி படியை அவர் கையில் திணித்தாள். "சலங்கைச் சத்தம் கேக்குதுன்னா ஆத்தாளுக்கு இன்னும் நெறையலன்னு அர்த்தம். சத்தம் நிக்கிற வரைக்கும் அளங்க."

"சத்தம் நிக்கிற வரைக்குமா?"

"நிக்கிற வரைக்கும்."

அவர் அளந்தார். கவிழ்க்கும்போது கொஞ்சம் உதிர்ந்தது. புதிதாகக் கொஞ்சம் உள்ளே தங்கியது. படி கலகலத்தது. குலவை எழுந்தது. மறுபடி அளந்தார். முதல் மூட்டை சுருங்கிச் சாக்காகித் தரையில் விழுந்தது. ஒவ்வொரு படிக்கும் பெண்களில் ஒருத்தி முறைபோட்டு எழுந்து வந்து, படியைக் காதில் வைத்துக் கேட்டு, "இன்னும் ஆடுறாளே!" என்று தலையசைத்துவிட்டுப் போனாள். அவர்கள் முகத்தில் பக்தி இருந்தது. உதட்டை மட்டும் எல்லோரும் ஏனோ கடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மூட்டையின் பாதியில் நல்லுசாமிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. மூன்றாவது மூட்டையின் வாயைக் கண்ணுசாமி அவிழ்த்தபோது, ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் ஓடினாள்.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"மூக்காயி," என்றார் மெல்லிய குரலில், குனிந்து அளந்தபடியே. "இது... எல்லாருக்கும் தெரியுமா?"

"எது மொதலாளி?"

"படி."

"ஓ, அதுவா." மூக்காயியும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பொம்பளை உலை வைக்கிறவ அப்பு. ஒரு படி போட்டா பானையில எங்க வந்து நிக்கும்னு தெரியாதா? நீங்க கடை போட்ட முத வாரமே தெரியும்."

"தெரிஞ்சுமா இம்புட்டு நாளா எங்கிட்ட வாங்குனீக?"

"மத்தக் கடையில கல்லைப் போடுறாங்க. நீங்க காத்தைத்தானே போட்டீக? கல்லுக்குக் காத்து தேவலை."

"அப்ப இந்த மரியாதை? கை சுத்தமான ஆளுன்னு..."

"மரியாதை குடுக்காட்டி நீங்க மூணு மூட்டை கொண்டாந்து நிறுத்துவீகளா? புதுப்படி ஆகாதுன்னு கருப்பணனுக்குச் சொல்லிக் குடுத்ததும் நாந்தேன். நிறுத்தாதீக, ஆத்தா பாக்குறா."

மூன்றாவது மூட்டையும் தரைதட்டிய பிறகு, மூக்காயி கடைசித் தரமாகப் படியைக் காதில் வைத்தாள். அது கலகலவென்று நன்றாகவே ஒலித்தது. அவள் சற்று நேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகு, "நின்னு போச்சு" என்று அறிவித்தாள்.

அந்த ஆண்டுபோல் கெட்டியான கூழ் அந்தக் கோயிலில் காய்ச்சப்பட்டதில்லை. கரண்டியை நட்டால் நின்றது. அகரத்திலிருந்தும் தாடிக்கொம்பிலிருந்தும் வந்தவர்கள் எல்லாம் இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு, கொடுத்தவர் யார் என்று கேட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். நல்லுசாமியின் கழுத்தில் மாலை விழுந்தது. அவர் அதைச் சுமந்துகொண்டு, இடுப்பைப் பிடித்தபடி கோயில் வாசற்படியில் உட்கார்ந்தார். அவமானம் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு விசித்திரமான இலேசு வந்திருந்தது. அது பசியாகவும் இருக்கலாம்.

வாசலுக்கு வெளியே ஜெயமேரி டீச்சர் ஒரு கும்பாவில் கூழை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் அருகே வந்து வணங்கினார்.

"ரொம்ப நல்லா அளந்தீங்க ஐயா."

"டீச்சரம்மா," என்றார் நல்லுசாமி, "உங்க பிள்ளைங்க கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"போன மாசமே கண்டுபிடிச்சாச்சுங்க. குச்சியை உள்ளயும் வெளியயும் வச்சு உயரம் பாத்தாங்க. நோட்டுல எழுத வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்." டீச்சர் கூழைக் கீழே வைத்துவிட்டு, எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்போல் முந்தானை நுனியைத் திருகினார். "ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்தப் படியை இனிக் கோயில்லயே வச்சுக்குவாங்களாம். அதுல காசித்தும்பை அவ்வளவு செழிப்பா வந்தது. மேல மண்ணு, கீழ தண்ணி, நடுவுல ஓட்டை. திண்டுக்கல் வெயிலுக்கு அதைப்போல ஒரு தொட்டி கிடையாதுங்க. அந்த மாதிரி... வேற ஏதாவது... ஐயா வீட்டுல இருந்தா..."

நல்லுசாமி இரண்டு பக்கமும் பார்த்தார். கருப்பணன் உறங்கிக்கொண்டிருந்தார். மூக்காயி அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டீச்சர் பக்கம் சாய்ந்தார்.

"அந்த மாதிரி இல்லம்மா," என்றார் இரகசியமாக. "அது விக்கிற படி. பரண் மேல வாங்குற படி ஒண்ணு கெடக்கு. அதுக்கு அடி ரொம்ப ஆழம். ரோசாச் செடியே வைக்கலாம்."